எண்ணக்கூடிய துணி: ஒரு தோடர் மந்தில் பூத்தையல் தளர்ந்ததும் மீண்டதும்

இது 2017 முதல் 2023 வரை, ஊட்டிக்கு மேற்கே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் தோடர் மந்து (தோடர் பழங்குடிகளின் சிற்றூர்) ஒன்றில் நடந்ததைப் பற்றிய பதிவு. அந்த வருடங்களில் நான் கோவையிலிருந்து இயங்கிய ஒரு சிறிய கைவினை விற்பனைக் குழுவில் வேலை பார்த்தேன். ஆர்டர் வாங்குவது, துணியும் நூலும் கொண்டுபோய்க் கொடுப்பது, முடிந்ததை எடுத்துவந்து விற்பது, கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. மந்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்ல வேண்டாம் என்று அங்குள்ள பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். நடந்ததை எழுதலாம், நாங்கள் சறுக்கியதையும் சேர்த்து எழுது என்றும் அவர்களே சொன்னார்கள்.

பின்னணி

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் 6 சமூகங்களில் தோடரும் ஒருவர். 2011 கணக்கெடுப்புப்படி சுமார் 2,000 பேர்தான். நீலகிரியின் மேல்மட்டத்தில், ஒவ்வொரு மந்திலும் சில குடும்பங்களாக வாழ்கிறார்கள். எருமைதான் அவர்கள் வாழ்க்கைக்கு நடுவில் இருப்பது. எருமைப் பால் கோயிலும் அதன் சடங்கும் ஆண்கள் பொறுப்பு, அங்கே பெண்களுக்கு அனுமதி இல்லை. பெண்கள் கையில் இருப்பது பூத்தையல், அதாவது துணியில் ஊசியால் பூ வேலை செய்வது. தோடர் அதைப் ‘புகூர்’ என்பார்கள்.

பூத்துக்குளி என்பது ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்ளும் தடித்த வெள்ளைப் பருத்திப் போர்வை. சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் நெசவிலேயே வந்திருக்கும். அந்தப் பட்டைகளையும் அவற்றுக்கு நடுவில் உள்ள இடத்தையும் ஒட்டித்தான் பூ போடுவார்கள். துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் இல்லை. துணியின் இழைகளை விரலாலும் கண்ணாலும் எண்ணி, இத்தனை இழை விட்டு இத்தனை இழை எடு என்று ஊசியை ஓட்டுவார்கள். தைப்பது துணியின் பின்பக்கம். திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் புடைத்து நெசவு போலவே தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் தையல் என்று நம்பமாட்டார்கள். எருமைக் கொம்பு, தேன்கூடு, மலை உச்சி, மயில் தோகை, சூரியனும் சந்திரனும், ஓரத்தில் முயல் காது என்று அவர்கள் தினம் பார்க்கிற மலைதான் பூவாக வரும். தோடா மொழிக்கு எழுத்து இல்லை. ஒரு பூவின் கணக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோடர் நெய்வதில்லை. துணி எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தது. பழைய நீலகிரியில் தோடர் பாலும் நெய்யும் கொடுத்தார்கள், படகர் தானியம் கொடுத்தார்கள், கோத்தர் பானையும் இரும்புச் சாமானும் கொடுத்தார்கள், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள். யாரும் தனித்து நிற்கவில்லை. பூத்தையலும் அப்படித்தான், சமவெளித் தறியில் ஒரு காலும் மலையில் ஒரு காலுமாக நின்ற கலை. இந்த உண்மை எங்களுக்குப் புரியவே ஒன்றரை வருடம் ஆனது.

2013-இல் தோடா பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பிறகு நகரங்களில் கேட்டு வாங்குபவர்கள் கூடினார்கள். எங்கள் குழுவும் அந்தச் சமயத்தில்தான் இந்த மந்துக்குள் வந்தது.

2017: முதலில் கண்டது

நான் பொறுப்பெடுத்தபோது 11 பெண்கள் எங்களுக்காகத் தைத்தார்கள். செல்போன் பை, மெத்தை உறை, மேசை விரிப்பு, மெல்லிய மேல்துண்டு என்று மாதாமாதம் போகும். கணக்குப் புத்தகத்தில் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. ‘அழியும் கலைக்கு மறுவாழ்வு’ என்று எங்கள் துண்டறிக்கையில் போட்டிருந்தோம். அதை நானும் நம்பித்தான் விநியோகித்தேன்.

அந்த மந்துக்கு அப்போது பஸ் கிடையாது. கடைசி 5 கிலோமீட்டர் ஜீப்பில்தான் போகவேண்டும். இரண்டு பக்கமும் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நெருக்கியடித்த பாதை. ஒரு காலத்தில் அந்தச் சரிவெல்லாம் புல்வெளியாக இருந்தது, எருமை மேய்ந்தது என்று ஜீப்பில் வரும் பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் கை நீட்டிக் காட்டுவார்கள்.

முதல் சில மாதங்களில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி எங்கள் துணியை வாங்கவே மாட்டார். “இதுல என்னம்மா எண்ணுறது?” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வயதானவர், பழக்கம் விடவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மற்ற பெண்கள் யாரும் புகார் சொல்லவில்லை, வேலையும் நேரத்துக்கு முடிந்தது.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லவேண்டும். நகரத்துக் கடைகள் கேட்டது மெல்லிய, மென்மையான மில் துணி. அதில் இழை மிக நெருக்கம். வெறும் கண்ணால் எண்ண முடியாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள வலைத்துணியை மில் துணியின்மேல் வைத்து, அந்த ஓட்டைகளை எண்ணித் தைக்கவேண்டும். தைத்து முடித்தபின் வலையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டால் பூ மட்டும் நிற்கும். புகைப்படத்தில் அச்சு அசல் தோடா பூ. கையில் எடுத்துப் பார்த்தால் பூ துணியோடு சேராமல் மேலே மிதக்கும். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை. பாட்டிக்குத் தெரிந்தது.

அந்த வருடக் கடைசியில் இன்னொன்றையும் குறித்துவைத்தேன். பாட்டி இழையை எண்ணித் தைப்பார். அவர் மருமகளுக்கு இரண்டும் தெரியும், ஆனால் வலையைத்தான் எடுப்பார். பேத்திக்கு வலை மட்டும்தான் தெரியும்.

2018 ஜனவரி: ஒரு சாவு

உறைபனிக் காலத்தில் மந்தில் ஒரு பெரியம்மா இறந்துபோனார். தோடர் இறந்தவரைப் பூ போட்ட பூத்துக்குளியில் சுற்றித்தான் அனுப்புவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதற்கென்று ஒன்று, இரண்டு தைத்துப் பெட்டியில் வைத்திருப்பது வழக்கம். அது எதற்கென்று தைப்பவருக்கே தெரியும். தனக்கானதைத் தானே தைத்து வைத்தவர்களும் உண்டு.

அந்த வீட்டுப் பெட்டியில் இருந்தது பாதி முடிந்த ஒன்று மட்டும். இறந்தவர் தொடங்கியது. கண் மங்கியதும் அப்படியே மடித்து வைத்துவிட்டார். அன்று இரவு அவருடைய மருமகள்கள் இரண்டு பேர் விளக்கடியில் உட்கார்ந்து மீதியை முடிக்கப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையிலேயே கணக்கு ஓர் இழை தப்பிவிட்டது. ஓர் இழை தப்பினால் அடுத்த வரிசை இரண்டு இழை தள்ளும், அதற்கடுத்தது இன்னும் தள்ளும். எருமைக் கொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மேலே சொன்ன பாட்டி வந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் அவர்கள் தைத்ததை மட்டும் பிரித்து எடுத்தார். அப்புறம் தன் வீட்டுக்குப் போய், தனக்கென்று வைத்திருந்த பூத்துக்குளியை எடுத்துவந்து கொடுத்தார்.

நான் அங்கே இல்லை. இரண்டு வாரம் கழித்துக் கூலி கொடுக்கப் போனபோது அந்த இரண்டு மருமகள்களில் ஒருவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, “கடைக்கு நூறு பூ போட்டிருக்கோம்க்கா. வீட்டுக்கு ஒண்ணு இல்ல” என்றார். அன்று கூலிக் கவர்களை நீட்டுவதற்கே எனக்குச் சங்கடமாக இருந்தது.

கோவைக்குத் திரும்பி மூன்று வருடக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இந்த மந்தில் முழுப் பூத்துக்குளி எத்தனை தைக்கப்பட்டது என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. நாங்கள் அதை எண்ணவே இல்லை.

2018 மார்ச்: எடுத்த முடிவுகள்

பெண்கள் எல்லாரையும் கூட்டி முற்றத்தில் உட்கார்ந்தோம். காலையில் தொடங்கிய பேச்சு எருமைகள் தொழுவத்துக்குத் திரும்பும்வரை போனது. மந்தின் பெரியவர்கள் இரண்டு பேரும் வந்து சிறிது நேரம் இருந்தார்கள். முடிவு பெண்களுடையது, நான் எழுதிக்கொண்டேன்.

முதல் முடிவு, வலைத்துணியை நிறுத்துவது. இதற்கு எதிர்ப்பும் இருந்தது. வலையை விட்டால் வேகம் பாதியாகும், மாத வருமானம் குறையும் என்று நான்கு பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான், பின்னால் அப்படியே நடந்தது. ஆனாலும் வலையில் பழகிய கைக்கு இழை வராது என்பதை அந்த ஜனவரி இரவு எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் ஒரு பூத்துக்குளி. அது முடியும்வரை, வாரத்தில் சில நாள் அந்த வேலைக்கு என்று ஒதுக்குவது. அந்த நாட்களுக்கும் எங்கள் குழு கூலி கொடுக்கவேண்டும் என்று கேட்டேன். குழுவில் இது பெரிய வாதமானது. விற்காத பொருளுக்கு எப்படிக் கூலி கொடுப்பது என்றார்கள். விற்கிற பூவின் கணக்கு எல்லாம் அந்த விற்காத போர்வையில்தான் கற்றுக்கொள்ளப்படுகிறது என்று சொல்லிப் பாதிக் கூலிக்குச் சம்மதிக்க வைத்தோம்.

மூன்றாவது, பட்டையோடு கூடிய முழுப் பூத்துக்குளியை இந்தக் குழு விற்பதில்லை. மேல்துண்டு, விரிப்பு, பை போன்றவை போகலாம். இது தோடர் எல்லாருக்குமான விதி என்று யாரும் படித்துவிடக் கூடாது. வேறு மந்துகளில் முழுப் போர்வை விற்கிறார்கள், அது அவர்கள் உரிமை.

நான்காவதுதான் கூலி முறை. அதுவரை ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்தோம். அப்படிக் கொடுக்கும்போது தப்பிய வரிசையைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது. பிரிக்கிற நேரத்துக்குக் காசு இல்லையே. இனிமேல் பூ நிரம்பிய பரப்பை அளந்து கூலி, பிரித்துத் தைத்தால் பிரித்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி என்று மாற்றினோம்.

கற்றுக்கொடுப்பதில் எனக்கும் பாட்டிக்கும் கருத்து வேறுபாடு வந்தது. நான் ஒரு வகுப்பு நடத்தலாம், பூக்களைக் கட்டத்தாளில் வரைந்து புத்தகம் போடலாம் என்றேன். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. “பாடம் நடத்த எனக்கு வராது. பக்கத்துல வந்து உக்காரட்டும்” என்றார். கட்டத்தாளைப் பற்றி இளைய பெண்களுக்கும் பயம் இருந்தது. ஊட்டிக் கடைத்தெருவில் சிவப்பும் கறுப்புமாக இயந்திரத்தில் போட்ட சால்வைகள் விற்பதை அவர்கள் தினம் பார்க்கிறார்கள். தாளில் போட்டுக் கொடுத்தால் இயந்திரக்காரனுக்கு வேலை இன்னும் சுலபம். புவிசார் குறியீடு இருக்கிறதே என்றேன். அந்தப் பாதுகாப்பு தானாக வந்து நிற்காது. குறியீட்டின் உரிமையாளரோ பதிவுபெற்ற பயன்பாட்டாளரோ போய் வழக்குப் போட வேண்டும். மந்திலிருந்து யார் போய் நிற்பது? கடைசியில் தாளுக்குப் பதிலாகத் துணியிலேயே ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மாதிரி தைத்து, ஒரு தகரப் பெட்டியில் போட்டு மந்திலேயே வைப்பது என்று முடிவானது. இன்றைக்கும் அந்தப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. எங்களிடம் நகல் இல்லை, தேவையும் இல்லை.

2018–2019: துணி தேடியது

வலையை நிறுத்துவது சுலபம். அதற்குப் பதில் என்ன துணி? பாட்டி வைத்திருந்த பழைய துணித்துண்டை எடுத்துக்கொண்டு ஈரோடு மாவட்டத்தில் அலைந்தேன். பெட்ஷீட்டுக்குப் பேர்போன சென்னிமலைப் பக்கத்தில், தடித்த நூலில் கைத்தறி நெய்யும் ஒருவர் கிடைத்தார். துண்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, “நெய்யலாம்ங்க” என்றார். 20 மீட்டர் சொன்னேன்.

வந்த துணி பார்க்க நன்றாக இருந்தது. இழை தடிமன், நன்றாக எண்ணமுடிந்தது. மூன்று பெண்கள் தேன்கூடு தைத்தார்கள். தைத்ததும் கூடு நீண்டு கண்ணீர்த்துளி மாதிரி வந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

பாட்டி எனக்குக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். துணியை மடியில் விரித்தார். ஒரு மூலையிலிருந்து நெடுக்கு வாட்டத்தில் நகத்தால் 40 இழை எண்ணி ஓர் ஊசியைக் குத்தினார். அதே மூலையிலிருந்து குறுக்கு வாட்டத்தில் 40 எண்ணி இன்னோர் ஊசி. பிறகு அந்த மூலையைச் சாய்வாக மடித்தார். இரண்டு ஊசியும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார வேண்டும். இந்தத் துணியில் உட்காரவில்லை, விரற்கடை அளவுக்கு விலகி நின்றன. பழைய துண்டில் அதையே செய்து காட்டினார். ஊசிகள் ஒட்டிக்கொண்டன.

பாவும் (நெடுக்கு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஒரே நெருக்கத்தில் இருந்தால்தான் சதுரம் சதுரமாக வரும். எங்கள் துணியில் பாவு நெருக்கம், ஊடை தளர்வு. பெட்ஷீட்டுக்கு அது குறையே இல்லை. இந்த வேலைக்கு அது பெரிய குறை. நான் தறிக்காரரிடம் தடிமனைச் சொன்னேன், அகலத்தைச் சொன்னேன், பட்டையின் நிறத்தைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. எனக்கே தெரியாதது.

இரண்டாவது முறை நெய்த துணி ஊசிச் சோதனையில் சரியாக நின்றது. ஆனால் துவைத்ததும் கஞ்சி போய் நீளவாட்டில் சுருங்கிவிட்டது. அதில் தைத்த இரண்டு விரிப்புகளும் கோணிக்கொண்டன. அந்த நட்டத்தைக் குழு ஏற்றுக்கொண்டது. பெண்களின் கூலியில் கை வைக்கவில்லை.

மூன்றாவது முறைக்கு முன்னால் ஒரு காரியம் செய்தோம். தறிக்காரரையே மந்துக்குக் கூட்டிப்போனோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. அவர் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரைநாள் வேலையைப் பார்த்தார். ஊசியால் மூலையை மடிக்கும் சோதனையை இரண்டு முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “இது என் கை அடியிலதான் இருக்குதுங்க. அச்சையும் மாத்தணும்” என்றார். அச்சை (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் தறிச் சீப்பு) மாற்றி, ஊடையை நெருக்கும் பலகை அடியை ஒரே சீராக வைத்து, துணியை முதலிலேயே நனைத்துச் சுருங்க விட்டுக் காயவைத்து அனுப்பினார். 2019 மே மாதம் அந்தத் துணி வந்தது. பாட்டி மூலையை மடித்துப் பார்த்துவிட்டு, முதல்முறையாக எங்களிடமிருந்து துணி வாங்கிக்கொண்டார்.

2019 ஆகஸ்ட் முதல் 2020 வரை

2019 ஆகஸ்டில் மேற்கு நீலகிரியில் பேய்மழை. அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. மந்துக்குப் போகும் பாதை மண் சரிந்து மூடிப்போனது. ஆறு வாரம் நாங்கள் போகமுடியவில்லை. கடைகளுக்குச் சொன்ன தேதிகள் எல்லாம் தவறின. ஒரு பெரிய வாடிக்கையாளர் அத்தோடு விலகிக்கொண்டார். தேதி சொல்லி வேலை வாங்குவதே இந்த மலைக்குப் பொருந்தாது என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு முடிந்த பொருளைத்தான் விற்பனைக்குக் காட்டுவது என்று மாற்றிக்கொண்டோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. சுற்றுலா நின்றது, கடைகள் மூடின, மலைக்குப் போகவே இ-பாஸ் வேண்டும். எங்கள் குழுவிடம் பணமும் தீர்ந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதம் முழுக் கூலி கொடுக்க முடியவில்லை. மூன்று பெண்கள் தையலை விட்டு கேரட் தோட்டத்து வேலைக்குப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் திரும்பவே இல்லை. பாதிக்கூலித் திட்டம் எல்லாம் கையில் காசு இருக்கும்வரைதான் என்பதை அவர்கள்தான் முதலில் அனுபவித்தார்கள். நாங்கள் ஒரு மூன்று மாதக் கையிருப்பையாவது தனியாக வைத்திருக்க வேண்டும்.

அதே சமயத்தில் நாங்கள் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. ஊட்டியில் விடுதியில் தங்கிப் படித்த இரண்டு பெண்பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆன்லைன் வகுப்புக்கு அங்கே சிக்னல் கிடைக்காது. பகல் முழுக்க வெயில் படும் இடத்தில் பாட்டிகூட உட்கார்ந்தார்கள். புதுத் துணி கையில் இருந்தது, ஆர்டர் இல்லாததால் அவசரமும் இல்லை. வருடக் கடைசியில் ஒருத்தி முயல் காதும் எருமைக் கொம்பும் இழை எண்ணித் தைத்தாள். இன்னொருத்தி முழு ஓரம் ஒன்றை முடித்தாள், ஐந்து முறை பிரித்து. எங்கள் திட்டத்தின் வெற்றி என்று இதை அறிக்கையில் எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. பிள்ளைகள் வீட்டில் இருந்ததால் நடந்தது இது.

2021: கண்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான்.

புதுத் துணி வந்து இரண்டு வருடம் ஆகியும் நாற்பதைத் தாண்டிய நான்கு பெண்கள் அதில் தைக்கத் தயங்கினார்கள். வலையில் பழகிவிட்டார்கள், சந்தை அவர்கள் கையைக் கெடுத்துவிட்டது என்றே எல்லாக் கூட்டத்திலும் பேசினேன். 2021-இல் பக்கத்து ஊரில் கண் மருத்துவ முகாம் நடந்தது. வேறு ஏதோ காரணத்துக்காகப் போன ஒரு பெண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து துணியை எடுத்துப் பார்த்தவர், “இழை தெரியுது” என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறார்.

மற்ற மூன்று பேரையும் கூட்டிப்போனோம். இரண்டு பேருக்குக் கண்ணாடி, ஒருவருக்குக் கண்புரை ஆரம்பம். பாட்டிக்கும் ஒரு கண்ணில் புரை முற்றியிருந்தது. கோவையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இத்தனை நாள் அவர் விரலாலேயே எண்ணியிருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

வலைத்துணியை அந்தப் பெண்கள் ஏன் விரும்பினார்கள் என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஓட்டை பெரிது, கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் காரணம், குறைந்தது பாதிப்பேருக்கு. 2018 ஜனவரி இரவில் விளக்கடியில் கணக்குத் தப்பிய இரண்டு பேரில் ஒருவர் இந்தக் கண்ணாடி வாங்கியவர்தான். அவர் மறந்துபோகவில்லை. அவர் கண்ணுக்கு இழை தெரியவில்லை.

2023: நிலைமை

தொடங்கியபோது இருந்த 11 பேரில் இப்போது 8 பேர் தைக்கிறார்கள். இரண்டு பேர் தோட்ட வேலையில், ஒருவர் திருமணமாகி வேறு மந்துக்குப் போய்விட்டார். எட்டில் ஏழு பேர் வலை இல்லாமல் இழை எண்ணித் தைக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரும் விடுமுறைக்கு வரும்போது தைக்கிறார்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான்கு வீடுகளின் பெட்டியில் முடிந்த பூத்துக்குளி இருக்கிறது. முத்தநாடு மந்தில் நடக்கும் மொற்பர்த் பண்டிகைக்கு இந்த மந்து ஆண்கள் போனபோது, மூன்று பேர் புதிதாகத் தைத்ததைப் போர்த்திக்கொண்டு போனார்கள். பாட்டிக்கும் ஒன்று தயாராகிறது, ஒரு பக்கம் முடிந்திருக்கிறது. தைப்பது பேத்தி. தவறு கண்டால் பாட்டி இன்னும் பிரிக்கத்தான் செய்கிறார்.

விற்பனையைப் பொறுத்தவரை, உருப்படிகளின் எண்ணிக்கை 2017-இல் இருந்ததில் பாதிகூட இல்லை. ஒன்றின் விலை கூடியிருக்கிறது, ஆனாலும் மொத்த வருமானம் இன்னும் பழைய அளவை எட்டவில்லை. இதை மறைக்கக் கூடாது. வலையை நிறுத்தவேண்டாம் என்று அன்று சொன்ன நான்கு பேரின் வீட்டுக் கணக்கில் அந்த இழப்பு நிஜமானது. இயந்திரச் சால்வைகள் கடைத்தெருவில் அப்படியே விற்கின்றன. எங்களால் அதில் எதுவும் செய்ய முடியவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்னொரு மந்தில் இதே வேலையைத் தொடங்கினால், முதல் வாரமே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வேன். துணிக்கும் பயிற்சிக்கும் செலவிட்டதோடு ஒப்பிட்டால் கண்ணாடிக்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை. அதையே கடைசியில் செய்தோம்.

துணியைத் திருப்பிக் கொடுத்த பாட்டியிடம் காரணம் கேட்டிருப்பேன். அவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் முழு விஷயமும் இருந்தது. அதைப் பிடிவாதம் என்று எழுதிவைத்தேன், இன்றும் அந்த நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.

கணக்குப் புத்தகத்தில் விற்றதற்கு ஒரு பக்கம் என்றால், வீட்டுக்கென்று தைத்ததற்கும் ஒரு பக்கம் போடுவேன். எண்ணாததைக் காப்பாற்றவும் தோன்றவில்லை எங்களுக்கு. பாதிக்கூலியை முழுக்கூலியாக்கி, அதற்கான பணத்தை ஆர்டர் வருமானத்திலிருந்து பிரித்து முன்கூட்டியே ஒதுக்கிவைப்பேன். நெசவாளரைப் பேசும்போதே மலைக்குக் கூட்டிப்போவேன்.

துணியில் இன்னொரு சிக்கல் இன்னும் தீரவில்லை. சென்னிமலைத் தறிக்காரருக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. அவர் மகன் திருப்பூரில் வேலைக்குப் போகிறார், தறியில் உட்காரப் போவதில்லை. அந்தக் கை அடி வேறு யாருக்கும் இன்னும் படியவில்லை. இதை மந்தில் சொன்னபோது பெண்கள் சிறிது நேரம் தங்களுக்குள் தோடா மொழியில் பேசிக்கொண்டார்கள். அப்புறம், அந்தப் பெரியவர் நெய்யக்கூடிய மட்டும் நெய்து கொடுக்கட்டும், நாங்கள் வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். 2023 அக்டோபரில் 60 மீட்டர் போய்ச் சேர்ந்தது. மாதிரிப் பூக்கள் இருக்கும் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வாங்கி அதில் மடித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊரில் இன்னொரு தறிக்காரரிடம் 5 மீட்டர் நெய்யச் சொல்லியிருக்கிறோம். வந்ததும் பேத்திதான் மூலையை மடித்துப் பார்க்கவேண்டும் என்று பாட்டி சொல்லிவிட்டார்.